பின்னறைப் பிள்ளையார்

டாக்குரியாவில் எங்கள் தெருவுக்கு நான் 'தோசை பௌதி'. வங்காளியில் பௌதி என்றால் அண்ணி. அதில் மரியாதைக்கு ஒன்றும் குறைச்சல் இல்லை, தோசைதான் எனக்கு ஒத்துவரவில்லை. கல்யாணமாகி இந்தத் தெருவுக்கு வந்த வருஷம், துர்கா பூஜையை ஒட்டி நடக்கும் ஆனந்த மேளாவில், அதாவது பெண்கள் வீட்டுச் சமையலைக் கொண்டுவந்து கடை போடும் நாளில், நீ தென்னிந்தியப் பெண்தானே என்று என் கையில் தோசைக் கரண்டியைத் திணித்தார்கள். என் தோசை வட்டமாக வந்ததாகச் சரித்திரமே கிடையாது. கல்லோடு ஒட்டும், பிய்யும், பாதி கருகும், பாதி வேகாது. அதையும் வரிசையில் நின்று வாங்கித் தின்றுவிட்டு 'தாருண், தாருண்' என்று பாராட்டிய தங்கமான ஜனங்கள் இவர்கள். பாராட்டியதுதான் வினை. அடுத்த வருஷமும் அதே கரண்டி. அதற்கடுத்த வருஷமும்.

எனக்கு உருப்படியாகத் தெரிந்த வேலை வேறு. பிரவுசரில் படம் வரைய வைப்பேன். அசையும் வரைபடங்கள், விரல் பட்டால் விரியும் கோடுகள் என்று கம்பெனிகளுக்கு வீட்டிலிருந்தே செய்துகொடுக்கிறேன். என் வேலையைப் பார்த்து பெங்களூரில் முன்பின் தெரியாதவர்கள் வாயைப் பிளந்திருக்கிறார்கள். தெருவில் கேட்டால் 'பௌதி கம்ப்யூட்டரில் ஏதோ செய்கிறாள்' என்பார்கள். இந்தக் காலத்தில் கம்ப்யூட்டரில் ஏதோ செய்யாதவர் யார்?

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. இந்த வருஷம் நானே போய் பூஜைக் கமிட்டியின் முன்னால் நின்றேன். செயலாளர் தீபங்கர்தா மருந்துக்கடை வைத்திருப்பவர். எதைச் சொன்னாலும் சாப்பாட்டுக்கு முன்பா பின்பா என்று கேட்பது போலவே முகத்தை வைத்துக்கொள்வார். அவரிடம் சொன்னேன். பந்தல் வாசலில் தரையில் போடும் ஆல்பனா, நம் கோலத்தின் வங்காளத்துத் தங்கச்சி, அது பாட்டுக்கு இருக்கட்டும். பந்தலுக்குப் பக்கத்தில் வாடகைக்கு ஒரு பெரிய திரை வருகிறதே, அதில் இந்தத் தடவை தெருவே சேர்ந்து ஓர் ஆல்பனா போடட்டும். அவரவர் போனில் என் பக்கத்தைத் திறந்து விரலால் ஓர் இதழ் இழுத்தால், அது திரையில் எட்டுத் திசையிலும் பூக்கும். இன்னொருவர் இழுத்தால் அதைச் சுற்றிப் பூக்கும். யாருக்கும் வரையத் தெரிய வேண்டியதில்லை.

தீபங்கர்தா மஹாளயத்தன்று சாயங்காலம் ஒத்திகை பார்க்க வந்தார். நல்ல கூட்டமும் சேர்ந்தது. முதல் சில இதழ்கள் பிரமாதமாகப் பூத்தன. எல்லாரும் ஒரே சமயத்தில் விரலை வைத்தவுடன் திரை அப்படியே உறைந்துபோனது. தீபங்கர்தா என் லேப்டாப்பில் நிறம் மாற்றும் பட்டனை அமுக்கினார், மறுபடி அமுக்கினார், பிறகு லிஃப்ட் பட்டனை அமுக்குவது போல விடாமல் அமுக்கினார். திரை அசையவில்லை. அவர் கோபப்படவில்லை. பஞ்சமியன்று சாயங்காலம், திறப்பு விழாவில், இது ஓடினால் பூஜை முடியும்வரை திரை என்னுடையது. ஓடாவிட்டால் ஒரு கூந்தல் தைலக் கம்பெனிக்காரர் தன் விளம்பரப் படத்தோடு காத்திருக்கிறார் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். போகும்போது, தோசை எப்படியும் உண்டுதானே என்று அன்பாகக் கேட்டார். அதுதான் என்னைக் குத்தியது. இது ஓடவில்லையென்றால் நான் கிழவியானாலும் இந்தத் தெருவில் தோசை பௌதிதான்.

ஏன் உறைந்தது என்பது எனக்குத் தெரியும். பிரவுசரில் ஒரு பக்கத்தைத் திறந்தால் அதற்கு வேலை செய்ய ஒரே ஆள். பட்டனை அமுக்கினால் கேட்பதும் அவன்தான், படம் வரைவதும் அவன்தான். லேக் மார்க்கெட்டில் நாங்கள் காப்பிப் பொடி வாங்கும் கடை முன்பு அப்படித்தான் இருந்தது. கடைக்காரர் சிவராஜ் ஒருத்தரே கொட்டையை அரைப்பார், அவரே கல்லாவிலும் நிற்பார். மெஷின் ஓட ஆரம்பித்தால் நீங்கள் தொண்டை கிழியக் கத்தினாலும் அவர் காதில் விழாது. பிறகு அவருக்கு ஞானம் வந்து மெஷினைப் பின்னறைக்கு மாற்றி, அரைக்க ஓர் ஆளையும் போட்டார். இப்போது அவர் முன்னால் நின்று ஊர்க்கதை பேசுகிறார், பின்னால் பொடி அது பாட்டுக்கு அரைபடுகிறது.

பிரவுசரிலும் அப்படி ஒரு பின்னறை உண்டு. வொர்க்கர் என்று பெயர். படம் வரையும் பலகையை, நாங்கள் கேன்வாஸ் என்போம், அதை அப்படியே பின்னறையிடம் ஒப்படைத்துவிடலாம். எத்தனை பேர் எத்தனை இதழ் இழுத்தாலும் பின்னறை வரைந்து தள்ளும், முன்னறை பட்டனுக்குக் காது கொடுத்துக்கொண்டு சும்மா நிற்கும். ஒரே ஒரு கறாரான விதி. பலகையைக் கன்னி கழியாமல் ஒப்படைக்க வேண்டும். முன்னறை அதில் ஒரு சின்னப் புள்ளி வைத்துவிட்டால்கூடப் போச்சு, பிரவுசர் அதைப் பின்னறைக்குத் தரவே தராது. எச்சில் பட்ட தட்டில் நாம் நைவேத்தியம் வைக்க மாட்டோம் அல்லவா, அந்த மாதிரி.

வேலையைத் திருப்பி எழுதினேன். வரைவது முழுவதையும் பின்னறைக்குத் தள்ளினேன். தெருவையே வீட்டுக்கு அழைக்க முடியாது என்பதால், பெருங்கூட்டம் போலக் கிறுக்கித் தள்ள ஒரு பொய்க்கூட்டத்தையும் எழுதி ஏவிவிட்டேன். அருவி மாதிரி ஓடியது. அத்தனை கிறுக்கலுக்கு நடுவிலும் நிறப் பட்டன் தொட்ட மாத்திரத்தில் சொன்ன பேச்சைக் கேட்டது. சமையலறையில் தனியாக நின்று ஒரு குத்தாட்டமே போட்டேன். மாமனார் எட்டிப் பார்த்துவிட்டு வந்த வழியே திரும்பிப் போனார்.

மாமனார் விஸ்வநாதன் இங்கே துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், திருநெல்வேலிக்காரர். எதை எழுதினாலும் மேலே பிள்ளையார் சுழி போடாமல் பேனா நகராது. பேப்பர்க்காரனுக்கு 'நாளைக்கு வேண்டாம்' என்று துண்டுச்சீட்டு எழுதினாலும் சுழி உண்டு. எனக்கும் அந்தப் பழக்கம்தான். புதுப் புரோகிராம் எழுத உட்கார்ந்தால், கம்ப்யூட்டர் கண்டுகொள்ளாத குறிப்பு வரியாக உச்சியில் ஓர் 'உ' போட்டுவிட்டுத்தான் மறுவேலை. என் கணவன் ஹரீஷுக்கு இதெல்லாம் சிரிப்பு. சாமியாவது பூதமாவது என்கிற கட்சி. புது லேப்டாப்புக்கு நான் சந்தனம் குங்குமம் வைத்தபோது, வாரண்டி போய்விடும் என்று துடைத்துப் போட்ட ஆள். மத்திய அரசு நிறுவனம் ஒன்றில் ரிப்போர்ட்டுகளுக்குப் புரோகிராம் எழுதுகிறான். ஆகவே நான் எழுதுவது அவனுக்கு அரைகுறையாகப் புரியும். முழுதாகப் புரிந்தாலும் பரவாயில்லை, புரியாவிட்டாலும் பரவாயில்லை. அரைகுறைதான் ஆபத்து.

பஞ்சமியன்று காலையிலிருந்தே அந்தப் பொய்க்கூட்டத்தை மறுபடி மறுபடி ஓட்டிப் பார்த்தேன். சாப்பாடு இறங்கவில்லை. எல்லாரையும் கடித்துக் குதறினேன். ஹரீஷ் அரைநாள் லீவு போட்டு வந்து, நான் சொன்ன ஒயரையெல்லாம் தூக்கிக்கொண்டு பின்னாலேயே நடந்தான். சாயங்காலம் புடவை மாற்றப் போகும்போது லேப்டாப்பை அவனிடம் கொடுத்து, இதை யாரும் தொடக்கூடாது, யாரும் என்பதில் அவனும் சேர்த்தி என்று சொல்லிவிட்டுப் போனேன். சமர்த்தாகத் தலையாட்டினான்.

பந்தலில் நிற்க இடமில்லை. தாக் மேளக்காரர்கள் வெளுத்து வாங்கிக்கொண்டிருந்தார்கள். உள்ளே துர்கையும் அவள் பிள்ளைகளும் புதுப் பளபளப்பில் ஜொலித்தார்கள். திறந்துவைக்க வந்தவர் எங்கள் தெருவிலேயே இருக்கும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியை மாலொபிகாதி. பந்தலில் விளக்கேற்றிவிட்டு என்னிடம் வந்து, போனைக் கையில் வாங்கி, விரலை எழுதுகோல் மாதிரி நீட்டிக்கொண்டு தயாராக நின்றார். நான் லேப்டாப்பைத் திரையோடு இணைத்துப் பக்கத்தைத் திறந்தேன். அவர் விரலால் நிதானமாக ஓர் இதழ் இழுத்தார்.

ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி இழுத்தார். சுற்றி நின்றவர்களும் அவரவர் போனில் இழுத்தார்கள். திரை கருகும்மென்று கிடந்தது. தீபங்கர்தா கூட்டத்துக்கு அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தார். அங்கே கூந்தல் தைலக்காரர் சட்டைப் பையில் பென் டிரைவைத் தடவிக்கொண்டு நின்றார். நான் தீபங்கர்தாவிடம் மேளத்தை இன்னும் கொஞ்சம் வாசிக்கச் சொல்லுங்கள் என்று கெஞ்சினேன். அவர் கையைக் காட்டினார், மேளம் இன்னும் உக்கிரமாகக் கிளம்பியது. என் நெஞ்சு அதைவிட.

லேப்டாப்பின் பிழை ஜன்னலைத் திறந்தேன். சிவப்பில் ஒரே வரி. பலகையை ஒப்படைக்க முடியாது, அதில் முன்னறை ஏற்கனவே கை வைத்திருக்கிறது என்றது. நான் வைக்கவில்லை. சத்தியமாக வைக்கவில்லை. குழம்பிப்போய் நிமிர்ந்து திரையைப் பார்த்தேன். அப்போதுதான் கண்ணில் பட்டது. கருப்புத் திரையின் நட்ட நடுவில், தூசி ஒட்டியிருக்கிறது என்று நான் நினைத்தது தூசி அல்ல. சின்னதாக ஒரு சுழி, அதன் கீழே இரண்டு கோடு.

அந்தக் கூட்டத்தில் அதைப் போடக்கூடியவர்கள் மூன்றே பேர். அதில் ஒருத்தி நான். நேரே மாமனாரிடம் திரும்பினேன்.

"மாமா, என் லேப்டாப்பத் தொட்டீங்களா?"

"நான் எதுக்கும்மா தொடப் போறேன்? எனக்கு அதத் திறக்கவே தெரியாது." அவர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு திரையைப் பார்த்தார். முகம் மலர்ந்தது. "ஆனா யாரோ லட்சணமாப் போட்டுருக்காங்க, பாத்தியா."

எனக்குப் பின்னால் ஒயர் சுருளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்ற ஹரீஷின் முகம் வெளிறிப்போயிருந்தது.

"பூர்ணி, அது நான்தான்."

"நீயா?" என்றேன். மாமனார் முன்னால் அவனை 'நீங்க' என்றுதான் கூப்பிடுவேன். அன்று நாக்கு புரண்டுவிட்டது.

"நீ புடவை மாத்தப் போனப்ப. உன் பழைய புரோகிராம்லேருந்து வரையுற நாலு வரிய எடுத்து, மொதல்லயே போட்டேன். சுழி மொதல்லதானே போடணும்? திறந்து பாத்தேன், அழகா வந்துச்சு. மூடி வச்சுட்டேன்."

"உனக்குத்தான் சாமியே கிடையாதே?"

"எனக்குக் கிடையாது. உனக்கு இருக்குல்ல?" அவன் ஒயரைப் பார்த்தபடியே பேசினான். "இந்தத் தடவ நீ எங்கயுமே சுழி போடல. நான் மேலேருந்து கீழ வரைக்கும் தேடிப் பாத்துட்டேன். டென்ஷன்ல மறந்துட்டியோன்னு தோணுச்சு. நாளைக்கு ஞாபகம் வந்து, அதனாலதான் ஓடலன்னு அழுவியோன்னு பயமா இருந்துச்சு."

அவன் சொன்னது நிஜம். நான் மறந்துதான் போயிருந்தேன். அத்தனை நாள் அந்தப் புரோகிராமைக் கட்டிக்கொண்டு மாரடித்தவள் நான், உச்சியில் 'உ' இல்லாததை நான் கவனிக்கவில்லை. கடவுளே இல்லை என்கிறவன் தேடிப் பார்த்துக் கண்டுபிடித்திருக்கிறான். நன்றாக நாலு வார்த்தை திட்ட வாயைத் திறந்தேன், சிரிப்புதான் வந்தது. சிரிப்போடு கண்ணிலும் தண்ணீர் வந்துவிட்டது. தீபங்கர்தா என்னையும் அவனையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, பைத்தியத்துக்குத் தன் கடையில் மருந்து இருக்கிறதா என்று யோசிப்பவர் போல நின்றார்.

அந்த நாலு வரியை அழித்திருந்தால் ஒரு நொடி வேலை. எனக்கு மனசு வரவில்லை. அதை அப்படியே வெட்டி எடுத்தேன். பின்னறைக்கான ஃபைலைத் திறந்தேன். உச்சியில், பலகை கைக்கு வந்தவுடன் அது செய்ய வேண்டிய முதல் வேலையாக ஒட்டினேன். முன்னறை தொடாமல் கொடுக்கட்டும், பின்னறை சுழி போட்டுவிட்டு ஆரம்பிக்கட்டும். பிள்ளையாருக்கு எந்த அறையாக இருந்தால் என்ன? சேமித்தேன். பக்கத்தை மறுபடி திறந்தேன்.

கருப்புத் திரை. நடுவில் சின்னதாக அந்தச் சுழி, கீழே இரண்டு கோடு. நான் மாலொபிகாதியைப் பார்த்துத் தலையசைத்தேன். அவர் கொஞ்சமும் அலுத்துக்கொள்ளாமல் முதலில் இழுத்தது போலவே நிதானமாக ஓர் இதழ் இழுத்தார்.

அது பூத்தது. சுழியைச் சுற்றி எட்டுத் திசையிலும் வெள்ளை இதழ் விரிந்தது. கூட்டத்திலிருந்து 'ஆ' என்று ஒரு பெருமூச்சு கிளம்பியது. அப்புறம் எல்லாரும் விரலை வைத்தார்கள். ஜாதவ்பூரில் படிக்கும் பெண்கள் கொடி இழுத்தார்கள். தோளில் உட்கார்ந்திருந்த குழந்தைகள் உள்ளங்கையையே போனில் அப்பினார்கள். திரையில் மீனும் தாமரையும் நெற்கதிரும், என்னவென்றே சொல்ல முடியாத நூறு வளைவுகளும் ஒன்றுக்கு மேல் ஒன்றாக விரிந்துகொண்டே போயின. நான் ஏவிய பொய்க்கூட்டம் இந்த நிஜக்கூட்டத்தின் கால்தூசு பெறாது. பின்னறை அசரவில்லை. தீபங்கர்தா மெதுவாக வந்து, நம்பிக்கையில்லாமல் ஒற்றை விரலால் நிறப் பட்டனைத் தொட்டார். வெள்ளையெல்லாம் அந்தக் கணமே குங்குமச் சிவப்பானது. அவர் இன்னொரு தடவை தொட்டார், மஞ்சளானது. அதற்கப்புறம் அவரை அந்த இடத்தை விட்டு நகர்த்த முடியவில்லை.

ரொம்ப நேரம் கழித்துத்தான் நடுவில் இருப்பது என்ன என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் மாமனார் தன் துறைமுகத்து வங்காளியில் விளக்கிவிட்டார். எதை ஆரம்பித்தாலும் நாங்கள் கணேஷுக்கு முதலில் இப்படி ஒரு கும்பிடு போட்டுவிடுவோம் என்றார். தீபங்கர்தா பந்தலுக்குள் எட்டிப் பார்த்தார். அங்கே துர்கையின் ஓரத்தில் யானைமுகத்தான் தொந்தியும் தானுமாக நின்றிருந்தார். கணேஷ்தான் எங்கள் பந்தலிலும் ஏற்கனவே வந்து நிற்கிறாரே, திரையிலும் இருக்கட்டும், தசமி வரைக்கும் யாரும் அழிக்க வேண்டாம் என்று தீபங்கர்தா உத்தரவு போட்டார். கூந்தல் தைலக்காரர்கூட ஓர் இதழ் இழுத்துவிட்டுத்தான் போனார்.

வீட்டுக்குக் கிளம்பும்போது மாலொபிகாதி என் கன்னத்தைத் தட்டி, 'ஆல்பனா பௌதி' என்றார். அந்த இடத்திலேயே கால் தரையில் பாவவில்லை எனக்கு. வழியில் இன்னும் இரண்டு பேர் அப்படிக் கூப்பிட்டார்கள். தற்செயலாகக் கேட்பது போல ஹரீஷை ஒவ்வொரு தடவையும் 'என்ன சொன்னாங்க?' என்று கேட்டுத் திருப்பிச் சொல்ல வைத்தேன்.

மறுநாள் சஷ்டி. ஆனந்த மேளா. கல்லும் மாவும் வழக்கம்போல என் பெயரில்தான் வந்து இறங்கின. ஆனால் திரையை விட்டு என்னால் நகர முடியவில்லை. ஆளாளுக்கு வந்து அது எப்படி ஓடுகிறது என்று கேட்டார்கள், நான் காப்பிக்கடைப் பின்னறையிலிருந்து ஆரம்பித்துச் சொல்லிக்கொண்டிருந்தேன். தோசைக்கு வரிசை நீண்டுவிட்டது, பௌதி எங்கே என்று ஒரு குரல் வந்தது. ஹரீஷ் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு கரண்டியைக் கையில் எடுத்தான்.

எட்டி நின்று பார்த்தேன். கல் காய்ந்ததும் எண்ணெய் தடவினான். மாவைக் கரண்டியில் மொண்டான். வட்டமாக ஊற்றவில்லை. கரண்டி நுனியால் கல்லின் நடுவில் சின்னதாக ஒரு சுழி இழுத்தான், கீழே இரண்டு கோடு. அப்புறம்தான் நிமிர்ந்து, நான் பார்ப்பதைப் பார்த்தான்.

"என்ன பாக்குற? எனக்குச் சாமி கிடையாது."

அடுத்த தோசை நிலா மாதிரி வட்டமாக வந்தது. அதை வரிசையில் முதலில் நின்ற மாலொபிகாதிக்குக் கொடுத்தான். அந்தச் சுழியை மட்டும் யாருக்கும் கொடுக்கவில்லை. சூடு ஆறுவதற்குள் ஒரு காகிதத் தட்டில் வைத்து என்னிடம் நீட்டினான். ஓரம் மொறுமொறுவென்று இருந்தது. நான் பிய்த்துத் தின்றேன்.